ஜெயித்த நாளில்தான் அவருக்குக் கோபம் வரும்

கால்பந்து: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வாங்கிய தடுப்பாட்டக்காரர்களைப் பற்றிய பதிலில் ஜெர்மனியின் மத்தியாஸ் சாமர் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். டிஃபென்ஸில் நிற்கச் சொன்னால் முகம் சுருங்கும் ஒவ்வொரு பையனிடமும் நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான். இந்த முறை பக்கம் முழுவதும் சாமருக்கே.

1996-இல் ரொனால்டோ இருக்கும்போது ஒரு டிஃபெண்டருக்கு அந்த விருதைக் கொடுத்தது அநியாயம் இல்லையா சார்?
(கல்லூரி மாணவர், திருச்சி)

ஒரே ஒரு புள்ளி வித்தியாசம் தம்பி. சாமருக்கு 144, பிரேசில் ரொனால்டோவுக்கு 143. ஆனாலும் அநியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த ஆண்டு சாமர் என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் ஆடிய பொருசியா டார்ட்மண்ட் கிளப் தொடர்ந்து இரண்டாவது முறையாக ஜெர்மன் லீக் பட்டம் வென்றது. ஜூன் மாதம் இங்கிலாந்தில் யூரோ கோப்பை. முதல் ஆட்டத்திலேயே ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் யூர்கன் கோலர் காயத்தால் வெளியேறிவிட்டார். அனுபவம் மிகுந்த தூண் சாய்ந்த பிறகு அந்தப் பின்களத்தைக் கட்டி நிறுத்தியது சாமர். ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல், காலிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக வெற்றி கோல். இறுதி ஆட்டத்தில் செக் அணிக்குக் கிடைத்த பெனால்டி, போபோர்ஸ்கியை அவர் தடுத்ததால் வந்தது. மோதல் நடந்தது பெனால்டி பெட்டிக்கு வெளியே என்பது ரீப்ளேயில் தெரியும். அதையும் தாண்டி ஜெர்மனி 2-1 என்று ஜெயித்தது. தொடரின் சிறந்த வீரர் சாமர்.

அவர் ஆடிய இடத்துக்கு லிபெரோ என்று பெயர். நம் ஊர் மைதானங்களில் ஸ்வீப்பர் பேக் என்போம். மற்ற பேக்குகளுக்கு ஆளுக்கொரு ஃபார்வர்டைப் பிடிக்கும் வேலை இருக்கும். லிபெரோவுக்குத் தனியாக ஆள் கிடையாது. எல்லோருக்கும் பின்னால் நின்று, எது தப்பிக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து அங்கே போய் நிற்க வேண்டும். சாமர் அடிப்படையில் நடுக்கள ஆட்டக்காரர். டார்ட்மண்டில் பயிற்சியாளர் ஓட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் அவரைப் பின்னால் கொண்டுவந்தார். அதனால் பந்தைப் பறித்ததும் அடித்து விரட்டாமல், தானே காலில் வைத்துக்கொண்டு நடுக்களத்தைக் கிழித்துக்கொண்டு போவார். எதிரணிக்கு இவரை யார் பிடிப்பது என்றே தெரியாது. ஜெர்மனியின் பழைய லிபெரோ பெக்கன்பவருக்குப் பிறகு அந்த இடத்தில் இப்படி ஆடியவர் இவர் ஒருவர்தான் என்பது என் கருத்து.

கிழக்கு ஜெர்மனியின் கடைசி ஆட்டத்தில் ஆடியவர் என்கிறார்களே, உண்மையா?
(ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை)

ஆடியது மட்டுமா ஐயா, அணித் தலைவரே அவர்தான்.

சாமர் 1967-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா கிளாஸ் சாமரும் கிழக்கு ஜெர்மனிக்கு ஆடியவர். 1985-இல் மகன் டைனமோ டிரெஸ்டன் முதல் அணிக்குள் வந்தபோது பயிற்சியாளராக இருந்தவரும் அப்பாதான். வெளியில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மகன் அதற்குக் காலால் பதில் சொன்னார்: 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள்.

அந்தக் கடைசி ஆட்டம் 1990 செப்டம்பர் 12 அன்று பிரஸ்ஸல்ஸில், பெல்ஜியத்துக்கு எதிராக. மூன்று வாரத்தில் நாடே இருக்காது. அக்டோபர் 3 அன்று இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகின்றன. முதலில் யூரோ 1992 தகுதிச்சுற்றுக்காகக் குறித்திருந்த ஆட்டத்தை நட்பு ஆட்டமாக மாற்றிவிட்டார்கள். பயிற்சியாளர் எட்வார்ட் கையர் கூப்பிட்டவர்களில் பலர் வரவில்லை. கடைசியில் தேறியது 14 பேர். அந்தக் கோடையில்தான் மேற்கே ஸ்டுட்கார்ட் கிளப்பில் சேர்ந்திருந்த சாமர் வந்து பார்க்கிறார். கூட ஆடிய முன்னணி ஆட்களைக் காணோம். திரும்பிப் போய்விட நினைத்தார். உடனே புறப்பட விமானம் இல்லை. சரி, ஆடுவோம் என்று தங்கிவிட்டார்.

ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல்கள், இரண்டும் சாமருடையவை. முடியப்போகும் நேரத்தில் யென்ஸ் ஆட்லர் என்ற மாற்று கோல்கீப்பரை இறக்கினார்கள். அவருக்கு அதுவே முதல் சர்வதேச ஆட்டம், அதுவே கடைசியும்.

வேண்டாத ஆட்டம், தகுதிச்சுற்றுக் கணக்கில் சேராத ஆட்டம், அரை அணி. அதிலும் ஜெயிக்கத்தான் ஆடினார். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 19 அன்று ஸ்டுட்கார்டில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஒன்றுபட்ட ஜெர்மனி இறங்கியபோது, கிழக்கிலிருந்து அந்தச் சட்டையைப் போட்ட முதல் ஆள் சாமர். ஜெர்மனி 4-0 என்று ஜெயித்தது.

முப்பது வயதிலேயே ஆட்டத்தை ஏன் விட்டார்? கோச்சாகவும் இருந்தாராமே?
(வாசகர், நாகர்கோவில்)

முழங்கால். 1997 மே 28 அன்று மியூனிக்கில் யுவென்டஸை 3-1 என்று வீழ்த்தி டார்ட்மண்ட் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அன்று கேப்டன் சாமர். அந்த அக்டோபரில் முழங்கால் பழுதானது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிருமித் தொற்று ஏறி உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. பிழைத்தார், ஆட்டம் பிழைக்கவில்லை.

கோச்சாக டார்ட்மண்டுக்கு 2002-இல் லீக் பட்டம் வாங்கித் தந்தபோது அவருக்கு 34 வயது. அதுவரை அந்தப் பட்டம் வென்ற பயிற்சியாளர்களிலேயே இளையவர். சில நாள் கழித்து, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் ஃபெயனூர்டிடம் 3-2 என்று தோற்றார்கள். பிறகு ஸ்டுட்கார்டில் ஒரு பருவம். கோச் வேலையை அதன்பின் அவர் தொடவில்லை.

சாமர் பிறகு ஸ்போர்ட்ஸ் டைரக்டர் ஆனாராமே. அப்படியென்றால் ஆள் வாங்கி விற்பவர்தானே? கோச் இருக்கும்போது இவர் எதற்கு?
(வங்கி ஊழியர், சேலம்)

ஜெர்மனியில் இது பெரிய பதவி. கோச்சின் கண் சனிக்கிழமை ஆட்டத்தில் இருக்கும். இந்தப் போக அறுவடை அவர் பொறுப்பு என்றால், அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைப்பது டைரக்டர் பொறுப்பு. யாரை வாங்குவது, யாருடைய ஒப்பந்தத்தை நீட்டுவது, இளையோர் அணியிலிருந்து யாரை மேலே ஏற்றுவது, தேவைப்பட்டால் கோச்சையே மாற்றுவது எல்லாம் இவர் மேசைக்கு வரும்.

சாமர் இந்த வேலையை முதலில் செய்தது கிளப்பில் அல்ல, ஜெர்மன் கால்பந்து சங்கத்தில். 2006 தொடக்கத்தில் அந்தப் பதவிக்கு ஆள் தேடினார்கள். தேசிய அணிப் பயிற்சியாளர் கிளின்ஸ்மன், ஹாக்கி உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர் பெர்ன்ஹார்ட் பீட்டர்ஸ் வேண்டும் என்றார். சங்கம் சாமரைத் தேர்ந்தெடுத்தது. சொந்த மண்ணில் உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருந்தபோது நடந்த இழுபறி அது.

இளையோர் தேசிய அணிகளும் பயிற்சியாளர் கல்வியும் அவர் கைக்கு வந்தன. சிறுவர் ஆட்டத்தில் முடிவு முக்கியமில்லை, திறமை வளர்ந்தால் போதும் என்ற எண்ணம் அங்கே இருந்தது. சாமர் அதை ஏற்கவில்லை. ஜெயிக்கக் கற்பதும் திறமையில் சேர்த்தி என்றார். பலருக்கு இது கசந்தது. எனக்கு இதில் அவர் கட்சிதான். பத்து வயதுப் பையனை ஜெயித்தே ஆக வேண்டும் என்று விரட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் பதினாறு பதினேழு வயதில், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தை எப்படிக் கடப்பது என்று யாராவது சொல்லித் தரத்தான் வேண்டும். அது தானாக வராது.

2008-இல் 19 வயதுக்குட்பட்டோர், 2009-இல் 17 வயதுக்குட்பட்டோர், 21 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் ஜெர்மனி கையில் இருந்தன.

அப்படியானால் ஜெர்மனி வென்ற 2014 உலகக் கோப்பைப் பெருமையும் அவருக்கா? கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?
(அதே சேலம் வாசகர்)

நியாயமான கேள்வி. முழுப் பெருமையும் அவருக்கு இல்லை. யூரோ 2000-இல் முதல் சுற்றிலேயே அடிபட்டுத் திரும்பிய பிறகு சங்கம் நாடு முழுக்கப் பயிற்சி மையங்களைத் திறந்தது. ஒவ்வொரு பெரிய கிளப்பும் இளையோர் அகாடமி வைத்தே ஆக வேண்டும் என்று விதி போட்டது. அதெல்லாம் சாமர் வருவதற்கு முன்பே தொடங்கியவை. 2014-இல் தேசிய அணிப் பயிற்சியாளராக இருந்த யோவாகிம் லோவின் உழைப்பும் தனி.

ஆனாலும் 2009-இல் மால்மோ நகரில் இங்கிலாந்தை 4-0 என்று வென்ற அந்த 21 வயது அணியைப் பாருங்கள்: நொயர், பொவாடெங், ஹும்மல்ஸ், ஹொவெடெஸ், கெதீரா, ஓசில். ரியோ இறுதி ஆட்டத்தில் இவர்களில் ஐவர் தொடக்கம் முதல் ஆடினார்கள்; கெதீரா ஆட்டத்துக்குச் சற்று முன் காயம்பட்டு விலகினார். அர்ஜென்டினாவை 113 நிமிடம் பூஜ்யத்தில் நிறுத்தி வைத்தார்கள், பிறகுதான் கோட்சே கோல் வந்தது. அந்தப் பொறுமை மால்மோவுக்கு முன்பே பழகியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேயர்னில் சேர்ந்தபின் எப்போது பார்த்தாலும் சொந்த அணியையே திட்டுவாராமே. அது முறையா?
(வாசகி, புதுச்சேரி)

2012 கோடை. பேயர்ன் மியூனிக் அந்தப் பருவத்தில் லீகில் இரண்டாமிடம், உள்நாட்டுக் கோப்பை இறுதியில் டார்ட்மண்டிடம் 5-2 தோல்வி, சொந்த மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சியிடம் பெனால்டியில் தோல்வி. மூன்றும் கைநழுவிய வீட்டுக்குள் சாமர் ஸ்போர்ட்ஸ் டைரக்டராக நுழைந்தார்.

புதிய பருவத்தில் அணி எல்லா லீக் ஆட்டங்களையும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. செப்டம்பர் இறுதியில் பிரேமனை 2-0 என்று வென்ற பிறகு, ஆட்டத்தில் மெத்தனம் தெரிகிறது என்று வெளிப்படையாகச் சாடினார் சாமர். கோச் யுப் ஹைன்கெஸுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் ஹனோவரை 2-0 என்று வென்றபோதும் அதே கதை. கார்டியோலா கோச்சாகப் புதிதாக வந்திருந்த நேரம், கிளப் தலைவர் உலி ஹோனஸ் சாமரைக் கடிந்துகொண்டார்.

தோற்ற அணியைத் திட்ட ஊரே வரும் அம்மா. அன்று கோச்சும் திட்டுவார், பத்திரிகையும் திட்டும். ஜெயித்த அணியிடம் குறை சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குக் கைதட்டல் கிடைக்காது. லிபெரோவாக அவர் செய்த அதே வேலைதான் இது: எல்லோரும் முன்னால் ஓடும்போது, பின்னால் என்ன திறந்து கிடக்கிறது என்று பார்ப்பது. ஊடகத்தின் முன்னால் சொன்னதை நானும் ஏற்கவில்லை. ஓய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம், ஹைன்கெஸுக்கு அந்த மரியாதை உரியது. ஆனால் சொன்ன விஷயம் சரி. அந்த 2012-13 பருவத்தில் பேயர்ன் 34 லீக் ஆட்டங்களில் வாங்கியது 18 கோல்கள்தான். லீக், உள்நாட்டுக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் வந்தன.

2016 ஏப்ரலில் மூளையில் இரத்த ஓட்டக் கோளாறு. குணமான பிறகு ஜூலையில் தானே கேட்டுப் பதவியிலிருந்து விலகினார். அப்போது வயது 48. பேயர்ன் அவர் இருந்த நான்கு பருவங்களிலும் லீக் பட்டம் வென்றிருந்தது.

டார்ட்மண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் அண்ணா. மகன் பொருசியா பைத்தியம். சாமர் ஆட்டத்தில் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் எதைக் காட்டட்டும்?
(ஈழத்து வாசகி, ஜெர்மனி)

தங்கச்சி, டார்ட்மண்ட் ஜெயித்த 1997 மியூனிக் இறுதி ஆட்டத்தை மகன் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பான். நீங்கள் 1996 ஜூன் 23, ஓல்ட் டிராஃபோர்ட், ஜெர்மனி–குரோஷியா காலிறுதியைக் காட்டுங்கள். முரட்டு ஆட்டம். அப்போது ஆட்டக்காரராக இருந்த கிளின்ஸ்மன் பாதியிலேயே காயத்தால் வெளியேறுகிறார், குரோஷியாவின் ஷூகர் சமன் செய்கிறார், அதன்பின் பின்களத்திலிருந்து ஓடிவந்து சாமர் கோல் போடுகிறார். கோலை எல்லோரும் பார்ப்பார்கள். கோலுக்குப் பிந்தைய அரை மணி நேரத்தை மகனோடு உட்கார்ந்து பாருங்கள், சாமரின் ஆறாம் எண் சட்டை யார் யாரை எங்கே நிற்கச் சொல்லிக் கை காட்டுகிறது என்று. மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று எழுதவில்லையே, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.