கடைசி வரிசை நாற்காலி

கேள்வி: வயது 43. மூன்று முறை குடியை நிறுத்திப் பார்த்துவிட்டேன், அதிகபட்சம் 40 நாள். குழுக் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். போன வாரம் வாசல் வரை போய், வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டேன். உள்ளே தெரிந்தவர் யாராவது இருந்தால்? எழுந்து நின்று 'நான் குடிகாரன்' என்று சொல்ல வேண்டுமாமே? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. (பெயர் வேண்டாம்)

பதில்: தெரிந்தவர் இருந்தால் அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருப்பார், வேறென்ன, கல்யாணப் பத்திரிகை வைக்கவா? உங்களைப் பார்த்ததும் உங்களைவிட அவர்தான் அதிகம் திடுக்கிடுவார். உங்களைப் போகச் சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ., 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்') குழுவுக்காக இருக்கும். அந்தப் பெயரிலேயே, இங்கே வருகிறவரின் அடையாளம் வெளியே போகாது என்ற பேச்சு அடங்கியிருக்கிறது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. உண்டியல் சுற்றி வரும், புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை.

பேசவும் வேண்டாம். உங்கள் முறை வந்தால் 'இன்று கேட்க வந்தேன்' என்று சொல்லுங்கள், அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ பொதுவாக வழக்கமில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாக வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போய் மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தொலைபேசியில் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அங்கேதான் இது ஆரம்பித்தது. அவர் தேடியது யாருக்கோ உபதேசம் செய்ய இல்லை, அன்றைய பொழுதைத் தான் குடிக்காமல் கடத்த. அதனால் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும், பேசுகிறவருக்கு நீங்கள் உதவிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

நண்பர் ஒருவருக்குத் துணையாக நான் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். (திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம், மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும்.) கையில் கொடுத்த காகிதக் கோப்பையை நண்பர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் விளிம்பில் தளும்பியது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, பாதியைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அன்று ஒன்றரை மணி நேரம் யார் என்ன பேசினார்கள் என்று நண்பருக்கு ஞாபகமே இல்லை, ஆனால் அந்தப் பாதிக் கோப்பைக்காகத்தான் அடுத்த வாரமும் போனதாகச் சொல்வார்.

அந்தக் கை நடுக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள். குழுவால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

கடவுள் விஷயத்துக்கு வருவோம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வைத்திருக்கும் 12 படிகளில் அந்தச் சொல் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்று சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு வருகிற நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற வேறொரு குழு இருக்கிறது. அங்கே கடவுள் பேச்சு இல்லை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்கிற பயிற்சிதான், இணையவழிக் கூட்டமும் நடத்துகிறார்கள். எது உசத்தி என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஏ.ஏ. முறை வேலை செய்கிறதா என்று கேட்டால், 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் மேலாகவே இருந்தது.

ஏ.ஏ. கூட்டம் எங்கே என்று அவர்களுடைய இணையதளத்திலேயே தேடலாம், குடிநோய்க்குச் சிகிச்சை தருகிற மருத்துவமனையிலும் கேட்கலாம். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், இடமும் நேரமும் மாறியிருக்கும். போன் செய்து, திறந்த கூட்டமா, எந்த மொழியில் நடக்கிறது, புதிதாக வருகிறேன், வாசலில் யாராவது நிற்பார்களா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நீங்கள் போன வாரம் கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னாடியே போங்கள், முடிந்ததும் ஓடாதீர்கள், போன் நம்பர் கைமாறுவதெல்லாம் கூட்டம் கலைகிற நேரத்தில்தான். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். 40 நாள் தாண்டி மறுபடி குடித்துவிட்டாலும் போகலாம், கதவைச் சாத்த மாட்டார்கள்.

கேள்வி: கணவர் வரமாட்டேன் என்கிறார். அவருக்குப் பதில் நான் போய்க் கேட்டு வந்து சொல்லலாமா?

பதில்: திறந்த கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம் அம்மா. ஆனால் கேட்டு வந்து அவரிடம் ஒப்பிக்காதீர்கள், சண்டையில்தான் முடியும். குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் என்ற குழு இருக்கிறது. அங்கே பேச்சு அவரைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. அவர் குடிப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை, அதை நிறுத்துவதும் உங்கள் கையில் இல்லை என்பதை உங்களைப் போன்ற இன்னொருவர் வாயால் கேட்டுப் பாருங்கள். அவர் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதை எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் அங்கே அதே பாதையில் நடந்தவர்கள் சொல்வார்கள். அவர் கை நீட்டுகிறவர் என்றால் குழுவெல்லாம் அப்புறம், முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள்.