மூக்கில் கண்ட வைரஸும் இதயத்தில் கண்ட வைரஸும்

கேள்வி: ஒரு வயது நிறையாத குழந்தை உறக்கத்தில் திடீரென இறந்துவிட்டால், வைரஸ் தொற்று இருந்ததா என்பதை ஆய்வகத்தில் எவ்வாறு கண்டறிகிறார்கள்? பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இருப்பதாக வந்தால், அதையே மரணத்துக்குக் காரணமாகக் கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: பி.சி.ஆர். முடிவை மட்டும் வைத்து அப்படிக் கொள்ள முடியாது.

முன்பெல்லாம் திசு மாதிரியை ஆய்வகத்தில் வளர்க்கப்படும் செல்களின் மேல் இட்டு, அச்செல்கள் சிதைகின்றனவா என்று நாள்கணக்கில், சில வைரஸ்களுக்கு வாரக்கணக்கிலும், காத்திருந்தார்கள். உயிர்ப்புள்ள வைரஸ்தான் இம்முறையில் வளரும் என்பதால், இறப்புக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் இடையே காலம் நீண்டிருந்தால் 'வளரவில்லை' என்பதற்கு 'இல்லை' என்று பொருள்கொள்ள இயலாது. 1983இல் கேரி முல்லிஸ் வகுத்த பி.சி.ஆர். முறையோ வைரஸின் மரபுப்பொருளையே பெருக்கிக் காட்டுவதால் சில மணி நேரத்தில் விடை தருகிறது. இன்ஃபுளுவென்சா, என்டரோவைரஸ் போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு மட்டும் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த நுண்ணுணர்வே சிக்கலுக்கும் இடமளிக்கிறது. சளி பிடிக்கச் செய்யும் ரைனோவைரஸ் நலமாக உள்ள குழந்தைகளின் மூக்கிலும் அடிக்கடி தென்படும். பார்வோவைரஸ் பி19இன் டி.என்.ஏ. தொற்று நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் திசுக்களில் தங்கியிருக்கும். மனித ஹெர்பீஸ் வைரஸ் 6 ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குப் பெற்றோர் வழியாகக் குரோமோசோமிலேயே அமைந்து வருவதால், அத்தகைய குழந்தையின் எந்தத் திசுவைச் சோதித்தாலும் 'வைரஸ் உண்டு' என்றே முடிவு வரும். எனவே வைரஸ் எந்த உறுப்பில், எவ்வளவு இருக்கிறது, அங்கே அது சேதம் விளைவித்திருக்கிறதா என்பவற்றையே மருத்துவர் தேடுகிறார். எடுத்துக்காட்டாக, வைரஸ் இதயத்தைத் தாக்குவதால் வரக்கூடிய இதயத்தசை அழற்சி என்று உறுதிசெய்ய, நுண்ணோக்கியில் தசை இழைகளுக்கிடையே வெள்ளணுக்கள் திரண்டிருப்பதோடு, அத்தசைச் செல்கள் மடிந்திருப்பதும் தெரிய வேண்டும். அந்தச் செல்களுக்குள்ளேயே வைரஸ் இருப்பதைச் சாயமேற்றிய ஆன்டிபாடிகளால் காட்ட முடிந்தால் சான்று வலுப்பெறும்.

இவை அனைத்தும் மாதிரி எடுக்கும் விதத்தைப் பொறுத்தவை. என் கருத்தில், விலையுயர்ந்த கருவியைவிட இதுவே முக்கியம். அழற்சி இதயத்தில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும் என்பதால் ஒரே ஒரு துண்டு போதாது. ஃபார்மலின் திசுவின் வடிவத்தைக் காக்கும், ஆனால் மரபுப்பொருளைத் துண்டாக்கிவிடும். ஆகவே நுரையீரல், இதயம் ஆகியவற்றின் ஒரு பகுதியை ஃபார்மலினில் இடாமல் கடுங்குளிரில் உறையவைத்துத் தனியே காப்பது நல்லது.

இதயத்தசை அழற்சி உறுதியானால், அம்மரணம் 'திடீர் சிசு மரணம்' என்ற வகையில் சேராது. முழுமையான பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு ஆகிய மூன்றுக்குப் பின்னும் காரணம் விளங்காத மரணத்துக்கே அப்பெயர் உரியது. மூக்கில் மட்டும் வைரஸ் கிடைத்து, உறுப்புகளில் சேதம் ஏதும் இல்லையெனில், அது அறிக்கையில் ஒரு குறிப்பாக இடம்பெறுமே தவிர, இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதப்படாது.