வேலையை விடாமல் சர்வதேச வரி

கேள்வி: எம்.காம். முடித்து சென்னையில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் வரிப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விடாமல் சர்வதேச வரி படிக்க முடியுமா? நண்பர் ஐசிஏஐ (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) தரும் சர்வதேச வரி டிப்ளமோவைச் சொல்கிறார்.

பதில்: நண்பர் சி.ஏ.வா? அந்த டிப்ளமோ ஐசிஏஐ உறுப்பினர்களுக்குத்தான், உங்களுக்குக் கிடைக்காது. பிரிட்டனின் சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் டாக்ஸேஷன் தரும் அடிட் (ADIT) என்ற சர்வதேச வரி உயர்நிலைப் பட்டயத்தைப் பாருங்கள். மூன்று பகுதிகள், ஜூனிலும் டிசம்பரிலும் ஆன்லைன் தேர்வு, பொதுக் கோட்பாடுகள் கட்டாயம், மற்றவற்றில் இந்திய வரியையும் டிரான்ஸ்ஃபர் பிரைசிங்கையும் (ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள் வைக்கும் விலை பற்றிய வரி விதிகள்) எடுத்தால் நீங்கள் தினமும் பார்க்கிற வேலையோடு ஒட்டியே போகும். கட்டணம் பவுண்டில், சரி, கம்பெனி ஏற்குமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 அமலில் இருக்கிறது, 1961 சட்டத்தை வைத்து எழுதிய நோட்ஸ் பாதி விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள்.