மாட்டு முதுகில் பறவை: கேள்வி பதில்

செல்வி: எங்கள் மாடுகள் மேயும்போது வெள்ளைக் கொக்குகள் கூடவே நடக்கின்றன. உண்ணி பொறுக்கத்தானே சார்?

பதில்: உண்ணிக்கொக்கு உண்ணியையும் தின்னும். ஆனால் அதன் வயிறு நிறைவது பெரும்பாலும் வெட்டுக்கிளியால்தான். மாடு கால் வைக்கிற இடத்தில் வெட்டுக்கிளி, பூச்சி, குட்டித் தவளை எல்லாம் துள்ளி வெளியே வரும். அலைந்து தேட வேண்டியதில்லை, பக்கத்திலேயே நடந்தால் போதும். வயலை டிராக்டர் உழும்போதும் பின்னால் ஒரு கூட்டம் வருகிறதே, டிராக்டருக்கு ஏது உண்ணி? மாட்டுக்குக் கிடைப்பது, மொய்க்கிற ஈ கொஞ்சம் குறைவது. அவ்வளவுதான்.

முருகன்: கரிச்சான் மாட்டின் மேல் சவாரி செய்வதும் இதே கணக்கா?

பதில்: இதே கணக்குதான். முதுகில் உட்கார்ந்திருந்து, எழும்பும் பூச்சியைப் பறந்து பிடிக்கும்.

பாத்திமா: ஆப்பிரிக்காவில் எருமை, ஒட்டகச்சிவிங்கி மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பறவையை டிவியில் பார்த்தேன். அதில் இரண்டு பக்கமும் நன்மை என்றார்கள். நிஜமா?

பதில்: அது ஆக்ஸ்பெக்கர். சிவப்பு அலகு, மஞ்சள் அலகு என்று இரண்டு இனம், இரண்டும் சஹாராவுக்குத் தெற்கே மட்டும்தான். உண்ணிதான் முக்கிய உணவு, அதிலும் ரத்தம் குடித்துப் பருத்த உண்ணி என்றால் கொள்ளைப் பிரியம். சிக்கல் என்னவென்றால், அதற்கு ரத்தமே பிடிக்கும். ஆறாத புண்ணைக் கொத்திக் கொத்தித் திறந்தே வைத்திருக்கும், காதுக் குறும்பியையும் தின்னும். பால் வீக்ஸ் என்ற ஆய்வாளர் ஜிம்பாப்வேயில் ஒரு மாட்டு மந்தையை இந்தப் பறவை அண்டாமல் காத்துப் பார்த்தார். 2000இல் வெளியான முடிவு: பறவை இல்லாததால் உண்ணி கூடிவிடவில்லை, புண்கள்தான் சீக்கிரம் ஆறின. ஆகவே 'நன்மை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

பாத்திமா: அப்புறம் ஏன் காண்டாமிருகம் அதை விரட்டாமல் இருக்கிறது?

பதில்: அங்கேதான் விஷயமே. கருப்புக் காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மந்தம். ஆள் வந்தால் ஆக்ஸ்பெக்கர் சீறிக் கத்தும். தென்னாப்பிரிக்காவின் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்காவில் ஆய்வாளர்கள் காண்டாமிருகத்தை நோக்கி நடந்து போய்ப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. பறவை இல்லாத காண்டாமிருகம் சுமார் 27 மீட்டரில்தான் ஆளை உணர்ந்தது, அதுவும் நான்கில் ஒரு தடவைகூட முழுசாக இல்லை. பறவை இருந்தபோது சுமார் 61 மீட்டரிலேயே உணர்ந்துவிட்டது, ஒரு தடவையும் தவறவில்லை. வேட்டைக்காரன் திரியும் காட்டில் நாலு சொட்டு ரத்தம் மலிவான கூலிதான்.

ஜோசப்: யானை?

பதில்: பெரும்பாலும் பக்கத்தில் சேர்ப்பதில்லை, விரட்டிவிடும்.

செல்வி: சரி சார், கொக்கு இருக்கிறது என்று உண்ணி மருந்தை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கொக்கை நம்பினால் உண்ணி பெருகும். கால்நடை மருத்துவர் சொன்ன மருந்து, சொன்ன அளவு. தெற்கு ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் உண்ணியைக் கொல்ல மாடுகளை ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த கரைசலில் முக்கி எடுத்தார்கள். அந்த உண்ணியைத் தின்று ஆக்ஸ்பெக்கர்கள் பல இடங்களில் அழிந்தே போயின. பறவைக்குக் கெடுதல் செய்யாத மருந்துகள் வந்த பிறகு, சில இடங்களில் வேறு இடத்துப் பறவைகளைப் பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.