குளிரில் ஸ்டார்ட் ஆகாத புது லாரி: மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாமா?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கேரட், முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவது தொழில். போன மே மாதம் 18 லட்ச ரூபாய்க்குக் கடனில் புது டீசல் லாரி எடுத்தேன். நானேதான் ஓட்டுகிறேன், கூட ஒரு கிளீனர். டிசம்பர் பிறந்ததிலிருந்து விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, வெள்ளைப் புகையாகத் தள்ளுகிறது, என்ஜின் பிடிப்பதில்லை. வெயில் ஏறினால் சரியாகிவிடும். கோவை சர்வீஸ் சென்டரில் மூன்று முறை விட்டேன். "குறை எதுவும் இல்லை, குளிரில் டீசல் வண்டி அப்படித்தான்" என்கிறார்கள். வண்டியை மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இன்றைய நிலையில் போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். காரணம், மூன்று முறையும் சர்வீஸ் சென்டரில் எழுதிய ஜாப் கார்டுகள், அதாவது வேலைச் சீட்டுகள். மலை இறங்கி கோவை போய்ச் சேரும்போது என்ஜின் நல்ல சூட்டில் இருந்திருக்கும். அங்கே சாவி போட்டதும் பிடிக்கத்தான் செய்யும். "சோதித்தோம், குறை இல்லை" என்று எழுதி உங்கள் கையெழுத்தையும் வாங்கியிருப்பார்கள். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான்.

ஆகவே முதல் வேலை, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து ஒரு கடிதம். வண்டியை இரவு முழுக்க உங்கள் ஊரிலேயே நிறுத்துகிறேன், காலை ஐந்து மணிக்கு உங்கள் மெக்கானிக் ஸ்கேனரோடு வந்து, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும் என்று கேளுங்கள். வந்தால் அந்த அறிக்கையின் நகலை வாங்கிவிடுங்கள். வராவிட்டாலும் கவலை வேண்டாம், வர மறுத்ததே உங்களுக்குச் சாட்சி. மின்னஞ்சலிலும் ஒப்புகை கிடைக்கும் தபாலிலும் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது.

நீங்கள் சொன்ன வெள்ளைப் புகை சாதாரண விஷயமில்லை. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் பல என்ஜின்களில் ஹீட்டர் பிளக்கோ, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ வைக்கிறார்கள். ஆறிய என்ஜின் பிடிக்காமல் சுற்றும்போது வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல்தான். அதாவது டீசல் சிலிண்டருக்கு வந்து சேர்கிறது, பற்றவில்லை.

"டீசல் உறைந்துவிட்டது, பங்க்கைக் கேளுங்கள்" என்று டீலர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரம், டீசல் கெட்டியாகி ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலைக்குக் குளிர்காலத்தில் 6 டிகிரி வரை அனுமதிக்கிறது. ஊட்டியில் அதற்குக் கீழே இறங்கும் என்பதால் அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஃபில்டர் அடைத்திருந்தால் டீசலே சரியாக வராது, இப்படிப் புகை தள்ளாது. செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரி மேலும் பழி போட முடியாது. மிஞ்சுவது ஹீட்டர், அதன் ரிலே, இன்ஜெக்டர், கம்ப்ரஷன். எது என்று சொல்ல வேண்டியது நிபுணர். வண்டியோடு தந்த கையேட்டில் குளிரில் ஸ்டார்ட் செய்யும் முறை இருக்கும். ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவி திருப்புவதிலிருந்து வீடியோ எடுத்துவையுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழை அதோடு சேர்த்துத் தாக்கல் செய்யலாம்.

அப்புறம் சட்டம். "லாரி வணிகத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்று நிச்சயம் சொல்வார்கள். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-ன் விளக்கமே சொல்கிறது. கோவை நிறுவனம் ஒன்று எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டுபவரை உதாரணமாகவே காட்டியது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான். உங்கள் கிளீனரால் சிக்கல் இல்லை. நாளைக்கு இரண்டாவது லாரி எடுத்து டிரைவர் போட்டால் கதை வேறு.

விலை 50 லட்சத்துக்குள் என்பதால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். டீலர் கோவையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட பிரிவு 34 வழிவிடுகிறது. கட்டணம் 400 ரூபாய். பிரிவு 38(2)(சி)-யின் கீழ் தகுந்த பரிசோதனைக்கு வண்டியை அனுப்பச் சொல்லி மனுவோடு சேர்த்தே கேளுங்கள். குறையை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

வண்டியை மாற்றித் தருவது பற்றி: வாரண்டி பழுதான பாகத்தை மாற்றத்தானே ஒழிய முழு வண்டியை மாற்ற அல்ல என்று மாருதி எதிர் சுசீல் குமார் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் குறையைச் சரிசெய்வதை முதல் கோரிக்கையாகவும், அது முடியாவிட்டால் மாற்று வண்டி அல்லது பணம் என்பதை அடுத்ததாகவும் வையுங்கள். கூடவே நஷ்டஈடு. லோடு தவறிய நாட்களுக்கு மண்டிச் சீட்டு, வாடகை வண்டி ரசீது என்று தாளாக இருப்பதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

இடையில் வெளி எலெக்ட்ரீஷியனை வைத்து ஹீட்டர் வயரைத் தொடவிடாதீர்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, என்ஜின் ஆயில் சம்ப்புக்கு அடியில் துணி கொளுத்துவது, இதெல்லாம் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுப்பது. கடன் தவணையையும் நிறுத்த வேண்டாம், ஃபைனான்ஸ்காரருக்கு இந்தத் தகராறு தேவையில்லாதது.

வழக்குப் போட, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பனிக்கு அந்த அவகாசம் கிடையாது. பிப்ரவரி தாண்டினால் உங்கள் ஊரிலும் காலையில் வண்டி பிடித்துவிடும், சோதனைக்கு அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வாரண்டி முடிகிறதா என்று புத்தகத்தில் தேதியைப் பாருங்கள். கடிதம் இந்த வாரமே போகட்டும்.