சிங்கப்பூரில் ஃபைபர் படகின் கீறல்களை நாமே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். பக்கவாட்டில் நிறையக் கீறல். யார்டில் பெரிய தொகை கேட்கிறார்கள். நாங்களே செய்யலாமா?

பெரும்பாலானவற்றை நீங்களே செய்துவிடலாம். ஆனால் பட்டி டப்பாவைத் திறப்பதற்கு முன், விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கிப் போனால் ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்து வாக்ஸ் பூசினாலே போதும். துவாஸ் பக்கம் ஃபைபர் வேலை பார்ப்பவன் நான். "ஆழமான கீறல் அண்ணே" என்று காட்ட வருபவர்களில் பலருக்கு வேண்டியது இவ்வளவுதான். சிலருடையது கீறலே இல்லை, பக்கத்துப் படகின் பெயின்டோ, இடிபடாமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டரின் ரப்பரோ ஒட்டியிருக்கும். அசிட்டோன் துணியால் துடைத்தால் போய்விடும். துடைக்கும்போது உங்கள் படகின் நிறமே பிசுபிசுவென்று கரைந்து வந்தால் மட்டும் நிறுத்துங்கள். யாரோ மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அது வேறு வேலை.

நகம் மாட்டுகிறதா? அப்போது அது பள்ளம். படகின் மேலே பளபளக்கும் நிறப் படலமான ஜெல்கோட்டின் தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே கண்ணாடி நார். நார் வெளியே தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், தண்ணீர் அந்த நார் வழியே உள்ளே ஊறும். நார் அறுந்திருந்தாலோ, சிலந்தி வலை மாதிரி விரிசல் பரவியிருந்தாலோ, சுற்றிலும் தட்டும்போது சத்தம் பொத்தென்று கேட்டாலோ யார்டுக்காரருக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

மீதியெல்லாம் நம் கைக்குள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். பிறகு அசிட்டோன் தொட்டுப் பழைய வாக்ஸை எடுங்கள். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் அதே வாக்ஸைப் பள்ளத்துக்குள் திணிப்பீர்கள். அடுத்து, கேட்கப் பயமாக இருக்கும், கீறலை இன்னும் பெரிதாக்க வேண்டும். சுரண்டியின் முனையால் வி வடிவத்தில் அகலப்படுத்துங்கள். மெல்லிய கோட்டுக்குள் ஜெல்கோட் இறங்காது, மேலே பாலம் கட்டி நின்று, சில மாதத்தில் பெயர்ந்து வரும்.

நிறம்தான் பெரிய தலைவலி. பழைய வெள்ளை, வெள்ளையாகவே இருக்காது. கீறலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காம்பவுண்ட் போட்டு மங்கலை எடுத்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிறம், அதற்குத்தான் கலக்க வேண்டும். வெள்ளை ஜெல்கோட்டில் மஞ்சள், பழுப்பு நிறமிகளைக் குச்சி முனையில் தொட்டுத் தொட்டுச் சேர்த்து, ஹார்டனர் (ஜெல்கோட்டை இறுக வைக்கும் திரவம்) கலக்காத ஒரு சொட்டைப் படகிலேயே வைத்துப் பாருங்கள். கருநீலப் படகு என்றால் என் யோசனை, முயற்சி செய்யாதீர்கள். எப்படிச் செய்தாலும் ஒட்டுப்போட்ட இடம் வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

ஹார்டனர் அளவு 1 முதல் 2 விழுக்காடு என்று சொல்வார்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒன்றை ஒட்டியே வையுங்கள். 50 கிராம் ஜெல்கோட்டுக்கு அரை மில்லி, சிரிஞ்சில் அளந்து. அதற்கும் கீழே போனால் முழுசாக இறுகாது. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அசிட்டோனோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், வெடிக்கும் ஆபத்து உண்டு.

இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடிகாலையில் படகு வேர்த்துக் கிடக்கும். பனி காய்ந்த பிறகு, நிழலில் வைத்து, மழை வருமா என்று மைஎன்வி செயலியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பள்ளத்தைவிடச் சற்றே மேடாக நிரப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றை அடையுங்கள். சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுக்காகவே நிற்கும்.

மறுநாள் தேய்ப்பு. நிரப்பிய இடத்தில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கட்டையில் சுற்றிய 320 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தால், கிறுக்கல் அழியாத இடம் தாழ்வு என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு 400, 600, 800, 1000, 1500. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தின தாளின் கோடு பளபளப்புக்கு அடியில் தெரியும். கடைசியில் காம்பவுண்ட், வாக்ஸ்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள கீறலுக்கு எபாக்சி பிசின் போட்டு, மேலே பாசி பிடிக்காத பெயின்ட் அடித்துவிடலாம். நிறம் பார்க்க வேண்டியதில்லை. மேலே ஜெல்கோட் போட நினைக்கும் இடத்தில் மட்டும் எபாக்சி பட்டி வேண்டாம், அதன் மேல் ஜெல்கோட் சரியாக இறுகுவது சந்தேகம்.

இதெல்லாம் முடிந்தபின் ஃபெண்டர்களையும் கழுவுங்கள். ஃபெர்ரி போகும்போது எழும் அலையில் படகு ஆட ஆட, ஃபெண்டரில் ஒட்டிய மணலே உப்புத்தாள் வேலை பார்க்கும். உங்கள் படகில் கீறலெல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக இருந்தால் காரணம் அநேகமாக அதுதான்.