பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஒரு வகை மலைப்பாம்பு) வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, மூக்கில் நுரை: வெறும் சளிதானா?

பாளையங்கோட்டையில் இருந்து கேட்ட தம்பிக்கு: வெறும் சளி என்று விட்டுவிடாதீங்க, பெரும்பாலும் நுரையீரல் தொற்றாகத்தான் இருக்கும். பாம்புக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசை) கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியைத் துப்பவும் முடியாது. உள்ளே சேர்ந்தது உள்ளேயே தங்கும். அதனால்தான் நுரை வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

சட்டை உரிக்கும் சமயம் மூக்கில் தோல் ஒட்டி லேசாக விசில் சத்தம் வரலாம், உரித்ததும் நின்றுவிடும். நிற்காமல் கரகரத்தால், தலையை மேலே தூக்கியே வைத்திருந்தால், இரையைத் தொடாமல் இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

இந்தத் தொற்றுக்குக் குளிரும் ஒரு காரணம். நம்ம ஊர் வெயிலில் எப்படிக் குளிர் என்று கேட்பீங்க. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் கூண்டு இருக்கிறதா, பாருங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறி, சூடு இறங்கினாலும் இதே கதைதான். கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்கட்டும். வேறு பாம்பு இருந்தால் உடனே பிரித்து வையுங்க. மலைப்பாம்புகளுக்கு வைரஸாலும் இது வரும், பரவும். பக்கத்தில் சாம்பிராணி, கொசுவத்தி வேண்டாம். நொச்சி ஆவி பிடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்க!

இப்போது இரை ஊட்ட வேண்டாம். மனுஷ மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் டாக்டர் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்க. சளியை எடுத்துச் சோதித்து, ஊசி மருந்து கொடுப்பார்கள். வாரக்கணக்கில் இழுக்கும், பாதியில் நிறுத்தாதீங்க.